கூடியுண்ணும் வழக்கமும் நம் குடியிருப்பும்

அண்டை வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பாயசம் வருகிறது. அக்கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிட நம் இல்லத்தரசியார்க்கு மனம் வருவதில்லை. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, நான்கு முறுக்காவது ஒரு பிடி சர்க்கரையாவது இட்டே திருப்பி அனுப்புவர். வெறுங்கலம் திரும்பலாகாது என்பது வழக்கம். இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நம் குடியிருப்பில் வாழும் பஞ்சாபியரும் வங்காளியரும் இதனைத் தம் வழக்கமென்றே கூறுவர். ஆயினும், இச்சிறு கிண்ணத்தின் பின்னே நெடியதொரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் நாம் பெருமை கொள்ளத்தக்க ஏடுகளும் உள. தலைகுனிய வேண்டிய ஏடுகளும் உள. ஆண்டு விழா மலரில் பெருமையை மட்டும் எழுதுவது எளிது. இரண்டையும் எழுதுவதே முறை எனக் கருதுகிறோம்.

விருந்து என்னும் சொல்

விருந்து என்றால் இன்று நமக்கு இலையும் வடையும் பாயசமும் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல்லுக்குப் புதுமை என்பதே பொருள். புதிதாகப் புனையும் செய்யுளையும் தொல்காப்பியம் விருந்து என்ற பெயராலேயே குறிக்கிறது. புதிதாய் வந்த மனிதரை அச்சொல் குறித்தது. பின்னரே அவர்க்கு இடும் உணவைக் குறித்தது. இல்வாழ்வான் பேணத்தக்க ஐவரை எண்ணும் வள்ளுவர், விருந்தினரை ஓரிடத்தும் சுற்றத்தாரை வேறோரிடத்தும் வைத்து எண்ணுகிறார். அவ்விருவரும் ஒருவரல்லர் என்பது இதனால் விளங்கும். மைத்துனர்க்கும் சம்பந்திக்கும் இலை போடுவது உறவு முறை. முன்பின் அறியாதவர்க்கு இலை போடுவதே விருந்து.

புறநானூற்றின் 163ஆம் பாட்டில் ஒரு காட்சி உண்டு. வறுமையில் உழன்ற பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்புகிறார். வந்ததும் மனைவியிடம் அவர் கூறுவது சேமித்து வைக்கும்படி அன்று. உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், நம் பசிக்காலத்தில் உனக்குக் கடன் தந்தவர்க்கும், இன்னார் என்று பாராமலும் என்னைக் கேளாமலும் கொடு என்கிறார். இங்கே கடன் என்று நாம் கூறியதற்குப் புலவர் ஆண்ட சொல் குறியெதிர்ப்பை என்பது. அளவு குறித்து வாங்கி, அவ்வளவே திருப்பித் தருவது குறியெதிர்ப்பையாகும். இன்று நாம் கைமாற்று என்கிறோமே, அதுவேதான். ஓர் ஆழாக்கு அரிசி, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு டம்ளர் சர்க்கரை என்று கதவைத் தட்டி வாங்கி, முதல் தேதிக்குப் பிறகு திருப்பித் தரும் அதே வழக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

வள்ளுவர் குறியெதிர்ப்பையை ஈகையினும் தாழ்த்தியே வைத்தார். வறியார்க்குக் கொடுப்பதே கொடை; மற்றவை திரும்பப் பெறும் கணக்கு என்பது அவர் கருத்து. அறநூலுக்கு அது பொருந்தும். ஆயினும் அண்டை அயலாராய்க் கூடி வாழும் வாழ்க்கையில் கைமாற்றுக்கென்று ஒரு சிறப்பு உண்டு. ஈகையில் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. கைமாற்றிலோ இன்று கொடுத்த கை நாளை வாங்குகிறது. ஒருவருக்கு ஒருவர் நிகர் என்பதை இதனினும் எளிதாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை.

நாம் நம்முடையவை என்று எண்ணும் உணவுகளே ஒரு காலத்தில் விருந்தினராய் வந்தவைதாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்ச்சுகீசியர் வழியாகவே அது இந்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாய் வந்த காய்க்கு அம்மிளகின் பெயரைக் கொண்டே பெயரிட்டனர் நம் முன்னோர். தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. காய்க்கு இடங்கொடுத்த அடுப்படி, மனிதர்க்கு இடங்கொடுத்ததா என்பதே அடுத்து நாம் காண வேண்டிய வினா.

பந்தியில் விழுந்த கோடு

கொடுப்பதில் நம் நாடு என்றும் பின்தங்கியதில்லை. அறச்சாலைகளும் சத்திரங்களும் மிகப் பல. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி சமயம் பாராது பசித்தார் எவர்க்கும் உணவு என்பது அச்சாலையின் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகிறது.

ஆனால் பசித்தவனுக்கு இடுவது வேறு. அவனோடு அமர்ந்து உண்பது வேறு. அவன் கையால் சமைத்ததை வாங்கி உண்பது முற்றிலும் வேறு. நம் சமூகத்தில் உயர்வு தாழ்வை அளக்கும் கோல் இம்மூன்றாவதாகவே இருந்தது. யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்குத் தடை குறைவு. யாரிடமிருந்து யார் சோறும் நீரும் வாங்கலாம் என்பதற்கோ தடைகள் எண்ணில.

இதனை நாட்டுக்குத் தெள்ளத் தெளியக் காட்டியது சேரன்மாதேவிக் குருகுலம். வ. வே. சு. ஐயரின் தொண்டை அறியாத தமிழர் இலர். இலண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்று விடுதலைப் போரில் குதித்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கம்பனை உலகக் கவிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். தேசியக் கல்வி தருவதற்கென்று அவர் நெல்லைச் சீமையில் நடத்திய குருகுலத்திற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் உதவியது. அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிடப்பட்டது. அவர்தம் பெற்றோர்க்கு அவ்வாறு வாக்களித்திருந்தார் ஐயர். இச்செய்தி வெளிவந்ததும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். செய்தி காந்தியடிகள் வரை சென்றது. அவ்விருவர்க்கு மட்டும் கொடுத்த வாக்கைக் காக்கலாம், இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்கலாகாது என்று இடைவழி கூறினார் அவர். அதனை இரு தரப்பாரும் ஏற்கவில்லை. 1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் குழு, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது எனத் தீர்மானம் செய்தது. ஐயர் பொறுப்பினின்றும் விலகினார். அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாள், பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து அவரும் உயிர் நீத்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதை முன்னிட்டுப் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அப்பிரிவுக்குச் சேரன்மாதேவிப் பந்தியும் ஒரு காரணமாய் நின்றது.

இரண்டு சிறுவரின் இலை எங்கே போடப்படுவது என்பது ஒரு நாட்டின் அரசியலைப் புரட்டிற்று. அறிவும் தியாகமும் நிறைந்த பெரியவர் ஒருவராலும் தாண்ட முடியாத கோடாய் அது இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

கோட்டை அழிக்க முயன்றோரும் உளர். 1917 மே 29ஆம் நாள், கேரளத்துச் செறாயி என்னும் ஊரில் சகோதரன் ஐயப்பன், தம் ஈழவ மக்களைப் புலையர் மக்களோடு ஒன்றாய் அமர்த்தி உண்ணச் செய்தார். மிசிரபோஜனம் என்று அதற்குப் பெயர். அதன் பொருட்டுத் தம்மவராலேயே ஒதுக்கப்பட்டு, புலையன் ஐயப்பன் என்று ஏசப்பட்டார். அப்பெயரை அவர் பெருமையாகவே ஏற்றார். தென்னிந்திய இரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்க்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம் என்றிருந்த பலகைகள் 1941இல் அகன்றன. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17ஆம் விதியால் தீண்டாமையை ஒழித்தது; 15ஆம் விதியால் உணவுவிடுதிகளின் வாயிலை எல்லார்க்கும் திறந்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. சட்டம் விடுதியின் கதவைத் திறக்கும். வீட்டின் கதவைத் திறப்பது வீட்டாரின் கையிலேயே இருந்தது.

வடக்கே வந்த குடும்பங்கள்

1911 டிசம்பரில் இந்தியத் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. 1931இல் புதுதில்லி முறையாகத் திறக்கப்பட்டது. அரசாங்கக் காரியாலயங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் சென்னை மாகாணத்து இளைஞர் பலர் வந்து சேர்ந்தனர். கரோல்பாகில் வாடகை வீடுகளிலும், 1940களில் எழுந்த லோதி காலனியிலும், விடுதலைக்குப் பின் எழுந்த பற்பல அரசு குடியிருப்புகளிலும் அவர்தம் குடும்பங்கள் வாழத் தொடங்கின. 1929இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் தில்லியையும் சென்னையையும் பின்னாளில் இணைத்தது. இரண்டு இரவு நீளும் அப்பயணத்தில், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் தயிர்சாதமும் ஒரு பெட்டியில் ஒருவர்க்கொருவர் கைமாறின. நம் குடியிருப்பு வாழ்வின் முதற்பாடம் இரயில் பெட்டியிலேயே தொடங்கிற்று எனலாம்.

ஊரில் அவரவர்க்கும் அவரவர் தெரு இருந்தது. இங்கோ வீடு ஒதுக்கியது அரசாங்கம். உத்தியோகத்தின் படியைப் பார்த்து வீடு கொடுத்தார்களே அன்றி, குலத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. ஒரே மாடிப்படியில் தஞ்சாவூராரும் நெல்லையாரும் கோவையாரும் நாஞ்சில் நாட்டாரும் வாழ நேர்ந்தது. தேங்காய்ப்பாலில் கொதிக்கும் சொதியைத் தஞ்சைக் குடும்பம் முதன்முதல் சுவைத்தது ஊரிலன்று, தில்லியில்தான். கும்பகோணத்துக் கடப்பாவும், கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சோறும், செட்டிநாட்டுக் கந்தரப்பமும் மாடிப்படி ஏறி இறங்கின. இஸ்லாமியக் குடும்பத்திலிருந்து நோன்புக் காலத்தில் நோன்புக் கஞ்சி வந்தது. பெருநாளன்று வட்டலப்பம் வந்தது. கிறித்தவக் குடும்பத்திலிருந்து அச்சுமுறுக்கு வந்தது. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் நூல், தொலைதூரம் வாழ்க்கைப்பட்டுச் செல்லும் பெண்களுக்குத் தாயாய் நின்று உதவியது உண்மை. ஆயினும் ஒரு நூல் ஒரு வகைச் சமையலையே கற்பிக்கும். ஒரு மாடிப்படியோ தமிழ்நாடு முழுவதையும் கற்பித்தது.

அக்காலத்தில் நான்கு வீட்டுக்கு ஓர் ஆட்டுக்கல் இருந்தால் பெரிது. மாவாட்டும் முறைக்காகக் காத்திருந்த நேரமே மகளிர் நட்புக் கொண்ட நேரம். தில்லியின் மார்கழிக் குளிரில் மாவு புளிக்காது; கம்பளி சுற்றி வைக்கும் சூழ்ச்சியை முன்னர் வந்தவர் பின்னர் வந்தவர்க்குக் கற்பித்தனர்.

பிற மாநிலத்தாரிடமும் நாம் கற்றோம். 1947இன் பிரிவினையில் உடைமை இழந்து வந்த பஞ்சாபியர், தாம் குடியேறிய பகுதிகளில் சாஞ்சா சூலா என்னும் பொது அடுப்பை மூட்டினர். பெண்கள் பிசைந்த மாவைக் கொணர்ந்து ஒரே தந்தூரில் ரொட்டி சுட்டுச் சென்றனர். அவர்தம் குருத்துவாராவில் லங்கர் என்னும் பொது உணவைக் கண்டு நம்மவர் வியந்தனர். மூன்றாம் குருவான அமர்தாசர், தம்மைக் காண வருவோர் எவராயினும் முதலில் வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று வகுத்தார். அவ்வரிசைக்குப் பஞ்சாபியில் பங்கத் என்று பெயர். நம்முடைய பந்தி என்னும் சொல்லும் அதனோடு ஒரு தாய் வயிற்றுப் பிறந்ததே. இரண்டும் பங்க்தி என்னும் வடசொல்லின் வழிவந்தவை. ஒரே சொல் ஓரிடத்தில் மக்களைச் சேர்த்தது, ஓரிடத்தில் பிரித்தது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

உணவுப் பஞ்சமும் ஓர் ஆசானாய் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை நகரங்களில் பரவிற்று. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விடும்படி மக்களைக் கேட்டுக் கொண்டார். அரிசிச் சோறே உணவென்று வளர்ந்த நம் வீடுகளில் கோதுமை வந்து புகுந்தது. சப்பாத்தி தேய்க்கக் கற்பித்தவர் எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மையார். ஜனவரி 13 மாலையில் அவர்கள் லோஹ்ரித் தீ மூட்டி வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் தருவர். மறுநாள் நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அதே கிண்ணத்தில் திரும்பும்.

நிறைந்தபடி திரும்பிய தூக்கு

இத்துணையும் பெருமை. இனி, இம்மலரில் இதுவரை எவரும் எழுதாத ஒன்றைக் கூற வேண்டும்.

நம் சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் விழாச் சாப்பாட்டுக்கு ஒப்பந்தக்காரர் கிடையாது. வீட்டுக்கு ஒரு பண்டம் என்பதே ஏற்பாடு. அவ்வாறு நடந்த ஒரு விழாவில், நம் குடியிருப்பின் கடைசி வரிசையில் வாழ்ந்த ஒரு குடும்பம், ஊரிலிருந்து வந்த பனங்கருப்பட்டி இட்டுப் பொங்கல் செய்து, பித்தளைத் தூக்கில் கொணர்ந்து வைத்தது. அக்குடும்பத் தலைவரும் நம் தந்தையாரும் ஒரே காரியாலயத்தில் வேலை பார்த்தவர்கள். எவரும் கடுஞ்சொல் கூறவில்லை. எவரும் எதிர்க்கவுமில்லை. ஒருவர்க்கு இனிப்பு ஆகாது, ஒருவர்க்கு வயிறு நிறைந்துவிட்டது, ஒருவர் பார்க்கவேயில்லை. காரணம் யாவர்க்கும் தெரியும், நாவில் வரவில்லை. சிறுவராயிருந்த நாமும் கை நீட்டவில்லை. தூக்கு நிறைந்தபடியே வீடு திரும்பிற்று.

வெறுங்கலம் திரும்புவது வழக்கப் பிழை. நிறைகலம் திரும்புவது நெஞ்சில் விழும் அடி. அடுத்த ஆண்டு அக்குடும்பம் விழாவுக்கு வரவில்லை.

அதன் பின்னர் பங்கீட்டு அரிசி அரிதாகிய நாட்களில், நம் அன்னையார் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக் கதவைத் தட்டினார். ஓர் ஆழாக்குப் புழுங்கலரிசி கைமாற்றாய்க் கேட்டார். நம் வீட்டு டப்பாவில் அரிசி இருந்ததை நாம் அறிவோம். அவ்வம்மையார் சற்று நேரம் பேசாது நின்று, பிறகு, "உள்ளே வாங்க அக்கா," என்றார். தலைதட்டாமல், கும்பாரமாய் அளந்து கொடுத்தார். அன்றிரவு அவ்வரிசியே நம் வீட்டில் உலையேறிற்று. நான்கு நாள் கழித்து அளவு குறையாமல் அரிசியும், மேலே ஒரு பிடி வடாமும் திரும்பின. மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. ஒன்றைக் கொண்டு போய்க் கொடுத்திருந்தால் அது இரக்கமாய்ப் போயிருக்கும். கேட்டு வாங்கியதனால்தான் அது உறவாயிற்று. இதனை நாம் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

மறு விழாவில் அதே தூக்கு வந்தது. முதற் கரண்டியைத் தம் இலையில் இட்டுக் கொண்டவர் நம் அன்னையார். எல்லாரும் உண்டனர் என்று எழுத ஆசைதான், உண்மை அதுவன்று. சிலர் உண்டனர். சிலர் அவ்வாண்டும் வேறு திசை நோக்கினர். தூக்கு முற்றும் காலியாகி வீடு திரும்ப மேலும் சில விழாக்கள் தேவைப்பட்டன.

இனிச் செய்யத்தக்கது

இப்போது பல ஆண்டுகளாக நம் விழா உணவை ஒப்பந்தக்காரரே சமைக்கிறார். இலை நிறைகிறது, வேலையும் குறைகிறது. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. முதியோர்க்கும் வேலைக்குச் செல்லும் மகளிர்க்கும் அது பேருதவி. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. ஒப்பந்தக்காரர் சமைத்ததை உண்பதில் நம் நெஞ்சுக்கு எந்தச் சோதனையும் இல்லை. சமைத்த கை யாருடையது என்று நாம் கேட்பதுமில்லை, அறிவதுமில்லை. அருகருகே அமர்ந்து உண்டாலும், ஒருவர் வீட்டுச் சுவையை ஒருவர் அறியாது எழுந்து செல்கிறோம்.

ஆகவே வரும் ஆண்டு விழாவில், ஒப்பந்தக்காரரின் சாப்பாட்டோடு, வீட்டுக்கு ஒரு பண்டமாவது வரட்டும். பெரிய அளவு வேண்டா. ஒரு சிறு தூக்குப் போதும். இன்ன பண்டம், இன்னவை சேர்த்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால், மரக்கறி மட்டும் உண்போர்க்கும், நோன்பு உடையோர்க்கும், நோய் உடையோர்க்கும் தடுமாற்றம் இராது. ஒரு பண்டத்தை வேண்டாமென்பது அவரவர் உரிமை. ஒரு கையை வேண்டாமென்பது உரிமையன்று. இவ்விரண்டின் வேற்றுமையை நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்றுக் கொள்வர்.

புதிதாய்க் குடிவந்த குடும்பங்கள் இவ்வாண்டு நம் குடியிருப்பில் உள்ளன. அவர்களுக்கு நாம் பலகாரம் கொண்டு போய்க் கொடுப்போம் என்பதில் ஐயமில்லை. அதில் நாம் தவறியதில்லை. அத்தோடு, ஒரு நாள் அவர்கள் கதவைத் தட்டி, ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்றாய்க் கேட்போமாக. கொடுப்பதில் சிறந்த தமிழ்க்குடி, வாங்குவதிலும் சிறந்து விளங்கட்டும்!